படம் வருமுன் கேட்ட என் பேர்

தம்பி,

இந்தக் கடுதாசிய உன் பேங்க் விலாசத்துக்கு அனுப்புறேன். மாமா வீட்டுக்குப் போட்டா உங்க மாமா பிரிச்சுடுவார். செத்தவன் கையெழுத்தப் பாத்து அத்தை மயக்கம் போட்டு விழுந்தாலும் விழுவாங்க. ஆமாம்டா, தெரிஞ்சிடுச்சு. பொண்ணு வீட்டுல உன் அப்பன் செத்துப்போயிட்டான்னு நீ சொல்லி வச்சிருக்கறது எனக்குத் தெரிஞ்சிடுச்சு. யாரும் வந்து கோள் மூட்டல. உங்க மாமாவும் வாயத் தொறக்கல, அவர் எங்க தொறக்கப் போறார். நானே என் காதால கேட்டேன், அதுவும் ஒரு டிவிப் பெட்டிக்குள்ளேருந்து. எப்படின்னு சொல்றேன், பொறுமையாப் படி. எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது, பேசுற மாதிரிதான் எழுத வரும். நடுவுல கோபம் வந்தா கோபமாவே எழுதிடுவேன், அழுகை வந்தாலும் அப்படித்தான்.

நீ கடைசியா போன் பண்ணது ஞாபகம் இருக்கா? சிம்பாங் அம்பாட்ல சீன முதலாளி, அந்தத் தாவ்கே கடை போனுக்குத்தான் பண்ணே. கடை வாசல் அஞ்சடி நடையில நான் ரிப்பேர் பாக்கற மேசையிலேருந்து எந்திரிச்சு ஓடி வந்தேன், கையில சூடான சால்டரிங் அயனோட. "பொண்ணு பாத்திருக்கேன்பா, படிச்ச குடும்பம், இன்னும் கொஞ்சம் பேசணும், எல்லாம் முடிவானதும் சொல்றேன்"ன்னே. சரிடா தம்பின்னேன். யாரு, எந்த ஊருன்னு கேட்டேன், "அப்புறம் சொல்றேன்பா, ஆபீஸ்ல ஆள் இருக்காங்கலா"ன்னு வச்சுட்டே. நானும் நீ சொல்லுவே சொல்லுவேன்னு இருந்தேன். தாவ்கேகிட்டகூட பெருமையடிச்சேன், என் மகனுக்குக் கல்யாணம், உனக்கு ஆட்டிறைச்சிப் பிரியாணி நிச்சயம்னு. அந்தச் சீனன் இப்பவும் தினம் கேக்குறான், எப்ப பிரியாணின்னு. என்னத்தச் சொல்ல.

போன சனிக்கிழமை டுரியான் துங்கால்லேருந்து ஒரு அம்மா அதே போன்ல கூப்பிட்டாங்க. பெரிய டிவி, காடியில ஏத்திக் கடைக்கு எடுத்துட்டு வர முடியாது, வீட்டுக்கு வந்து பாக்கணும், சாயங்காலத்துக்குள்ள சரியாகணும், ஈப்போவிலேருந்து சொந்தக்காரங்க வர்றாங்கன்னாங்க. யாரோ என் வேலையப் பத்தி நல்லாச் சொல்லியிருக்காங்க. சாமான் பெட்டிய மோட்டார் சைக்கிள் பின்னால கட்டிக்கிட்டுப் போனேன். தாமான் குடியிருப்புல மூலை வீடு, வாசல்ல மாவிலைத் தோரணம் காஞ்சுபோய்த் தொங்குது. கதவத் தொறந்தவரப் பாத்ததும் எனக்குக் கால் தன்னால பின்னால போச்சு. ஆள யாருன்னு தெரியாது, ஆனா எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியும். மடிச்ச வேட்டி, கண்ணாடி, நெத்தியில மூணு கோடு விபூதி. சிலோன்காரர். பேச்சுக் குடுத்ததுல ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பெரிய கிராணியா, ஆபீஸ் கணக்குப்பிள்ளையா இருந்து ஓய்வானவர்னு தெரிஞ்சுது. நம்ம தோட்டத்துல கிராணி வீட்டத் தாண்டும்போது நாங்க சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவோம், மழையா இருந்தாலும் சரி. அந்தப் பழக்கம் ஒடம்ப விட்டுப் போகல பாரு, செருப்ப வாசலுக்கு ரொம்ப முன்னாலயே கழட்டிட்டேன். அவர் நல்லவர். "உள்ள வாங்கோ, செருப்பு வெய்யில்ல காயுதே, நிழல்ல விடுங்கோ"ன்னார்.

டிவி மேல என்ன இருந்துச்சு தெரியுமா? நம்ம வீடுகள்ல இருக்கறதேதான். லேஸ் துணி, பிளாஸ்டிக் பூ, பக்கத்துல புள்ளையார் படம், படத்துக்கு நெசமான மல்லிகைப்பூ. பூ வாடாம இருக்கத் தினமும் தண்ணி தெளிக்கிறது. அந்தத் தண்ணி எங்க போகும்? பின்னால காத்துப் போறதுக்கு விட்ட ஓட்டை வழியா உள்ளதான் போகும். மலாய்க்காரர் வீட்டு டிவியில பல்லி முட்டை இருக்கும், சீனன் வீட்டு டிவியில கரப்பான் இருக்கும், நம்ம ஆளுங்க டிவியில மட்டும்தான் பக்தி இருக்கும். அதத்தான் நான் மொதல்ல பாத்துச் சிரிச்சுக்கிட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் வேலைய ஆரம்பிச்சேன்டா. சாமான்களப் பத்திரமா எடுத்துச் சோபாவுல வச்சேன், பின்பக்க மூடியக் கழட்டினேன்.

பெட்டி சுத்தமாச் செத்துக் கெடந்துச்சு, முன்னால இருக்கற சின்னச் செகப்பு லைட்டுகூட எரியல. பியூஸ எடுத்துப் பாத்தா சிகரெட் பெட்டி வெள்ளித்தாளச் சுத்தி வச்சிருக்கு. "இது யாரு வேலை?"ன்னு கேட்டேன். கிராணி ஐயா அசட்டுச் சிரிப்பா சிரிச்சு, "நான்தான். போன மாசம் இடி இடிச்ச அண்டைக்குப் போனது. தாளைச் சுத்தினன், நல்லா வேலை செய்தது, நேற்றுத்தான் புகை வந்தது"ன்னார். நானே தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கும்போது செஞ்ச வேலைதான் அது. பியூஸ் போறதே உள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்குத்தான். அத வெள்ளித்தாளு வச்சு வாய அடைச்சா, டிவி கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடும், உள்ள கெட்டது இன்னும் நாலு எடத்தக் கெடுக்கும். கரண்ட் உள்ள வர்ற எடத்துல டயோடு வெந்துபோயிருந்துச்சு, பெரிய டிரான்சிஸ்டரும் போச்சு. மாத்திட்டு, நேரா சுவிட்சப் போட்டுடல. பியூஸ் எடத்துல நூறு வாட் பல்பு ஒண்ண மாட்டித்தான் போடுவேன். பல்பு முழுசா எரிஞ்சா உள்ள இன்னும் ஷார்ட் இருக்குன்னு அர்த்தம். ஒரு தடவ பளிச்சுன்னு எரிஞ்சு அப்புறம் மங்கினா, சரியாயிடுச்சு. மங்குச்சு. செகப்பு லைட்டும் வந்துச்சு. கிராணி ஐயா கை தட்டினார். நெசமாவே தட்டினார்டா.

பல்ப எடுத்துட்டு நல்ல பியூஸ் போட்டேன். அந்த அம்மா அடுப்படியிலேருந்து ஓடி வந்து, "வீடியோவுக்குள்ள டேப் இருக்கு, அதைப் போட்டுப் பாருங்கோ, அதைப் பாக்கத்தானே சனங்கள் வருகினம்"னு அவங்களே பட்டன அமுக்கினாங்க. சத்தம் வந்துச்சு. நாதஸ்வரம், கூட்டத்துல புள்ளைங்க அழுகை, யாரோ மைக்க "ஹலோ ஹலோ"ன்னு தட்டுறாங்க. படம் இல்ல. கண்ணாடி கன்னங்கரேல்னு இருக்கு. பெட்டிக்குள்ளேருந்து ஒரு பெரியவர் நிச்சயதார்த்தத்துப் பரிசப் பத்திரிகை வாசிக்க ஆரம்பிச்சார். நான் டார்ச்சக் கையில வச்சுக்கிட்டு பிக்சர் டியூப் கழுத்தப் பாத்துக்கிட்டிருக்கேன், காது சும்மாத்தான் இருந்துச்சு. நம்ம தோட்டத்துப் பேரு வந்துச்சு. அட, நம்ம ஊரு ஆளான்னு நெனச்சேன். அப்புறம் "காலஞ்சென்ற"ன்னு சொல்லி என் பேரு. அதுக்கப்புறம் "காலஞ்சென்ற"ன்னு சொல்லி உங்கம்மா பேரு. "இவர்களின் ஒரே புதல்வன்"னு உன் பேரு.

டேய், நான் மொதல்ல என்ன நெனச்சேன் தெரியுமா? அந்தப் பேர்ல வேற யாராவது இருப்பாங்கன்னு நெனச்சேன். மனுசன் மனசு எவ்வளவு கேடுகெட்டது பாரு, புருசன் பேரு, பொண்டாட்டி பேரு, மகன் பேரு, தோட்டத்துப் பேரு எல்லாம் ஒண்ணா அமைஞ்ச இன்னொரு குடும்பம் மலாக்காவுல இருக்கும்னு அது எனக்குச் சமாதானம் சொல்லுது. அந்தப் பக்கம் அந்த அம்மா, "படம் வரேல்லையே அண்ணை, டியூப் போயிட்டுதோ?"ன்னு கேக்குறாங்க. சத்தம் இருந்து படம் இல்லேன்னா ஒடனே டியூப் போச்சுன்னு சொல்ற ரிப்பேர்காரன் திருடன்னு நான் எல்லாருக்கும் சொல்லுவேன். மொதல்ல முழங்கையக் கண்ணாடிகிட்டக் கொண்டுபோய்ப் பாக்கணும். பெரிய கரண்ட் டியூபுக்கு வருதுன்னா சடசடன்னு கேக்கும், கை முடி எந்திரிச்சு நிக்கும். கொண்டுபோனேன். சடசடன்னுச்சு. முடி நின்னுச்சு. அது கண்ணாடி கரண்டுக்கு நின்னதா, உன் பேரக் கேட்டதுக்கு நின்னதான்னு எனக்கே தெரியல.

"டியூப் போகலம்மா"ன்னேன். டியூபோட கழுத்துல உள்ள ஆரஞ்சு நெறத்துல ஒரு பொட்டு எரியணும், அதுதான் அடுப்பு மாதிரி, அது சூடானாத்தான் படம். அது எரியல. கழுத்துல மாட்டியிருக்கற சின்னப் பலகையப் பாத்தா, புள்ளையார் தலையில தெளிச்ச தண்ணி எறங்கிப் பச்சை பூத்துப்போய், ஈயம் விட்ட எடம் வெடிச்சிருக்கு. சுவிட்ச அமத்திட்டு, அயன வச்சேன். நான் வெரல்ல சுட்டுக்கிட்டேன், சுட்டது தெரியல, வாடை வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த அம்மா, "ஐயோ, பாத்து அண்ணை!"ன்னு பதறினாங்க. அப்புறம் எனக்கு மனசு வேற பக்கம் போகட்டும்னு நெனச்சாங்களோ என்னமோ, அவங்களாவே சொன்னாங்க. "மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. இந்தியத் தமிழர்தான், ஆனா என்ன, பேங்கில ஆபீசர். பாவம், தாய் தகப்பன் இல்லை. தகப்பன் கரண்ட் கம்பெனியில எஞ்சினியராம். வேலை செய்யேக்க ஷாக் அடிச்சு மோசம் போயிட்டாராம்."

எஞ்சினியர். எனக்கு உத்தியோகம் வாங்கிக் குடுத்துட்டுல்ல கொன்னிருக்கே! சும்மா கொல்ல மனசு வரல போல. நாப்பது வயசு வரைக்கும் பால்மரம் வெட்டினவன், சீனன்கிட்ட ரேடியோ வேலை கத்துக்கிட்டு அஞ்சடியில மேசை போட்டவன், அவன் சாகறதுக்குக்கூட லாயக்கில்ல, எஞ்சினியர் ஆனப்புறம்தான் சாகலாம். ஷாக் அடிச்சுன்னு வேற சொல்லியிருக்கே. எத்தன தடவ அடிச்சிருக்குடா எனக்கு. நீ பாத்திருக்கே. தூக்கி எறிஞ்சிருக்கு. அப்பல்லாம் சாகாத நான் இப்ப செத்தேன். கிராணி ஐயா "ஓம், ஓம், நல்ல பதவியாம்"னு தலையாட்டுறார். அவர் வீட்டு வரவேற்பறையில, தரையில, அந்த எஞ்சினியர் குத்துக்கால் வச்சு உக்காந்து ஈயம் ஒத்திக்கிட்டிருக்கான்.

சுவிட்சப் போட்டேன். படம் ஒடனே வராது, உனக்குத் தெரியுமே. கழுத்துல ஆரஞ்சுப் பொட்டு எரியும், கண்ணாடி கறுப்பு கொஞ்சமா வெளுக்கும், நெழல் மாதிரி ஏதோ அசையும், அப்புறம்தான் கலர். அந்தக் கொஞ்ச நேரம் நான் வேண்டிக்கிட்டேன், வராதேன்னு. எத்தனையோ வருசமா டிவி ரிப்பேர் பண்றேன், படம் வரக்கூடாதுன்னு நான் வேண்டினது அன்னிக்கு ஒரு நாள்தான். வந்துச்சு. நல்லா வந்துச்சு, பளிச்சுன்னு. கிராணி ஐயாவும் உங்க மாமாவும் தட்டு மாத்துறாங்க. மாமா பட்டுச் சட்டை போட்டிருக்கார். அவர் உக்காந்திருந்த எடம் யார் எடம்னு உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நீ பக்கத்துல இருக்கே. இளைச்சுப் போயிருக்கேடா. உன்னப் பாத்து எவ்வளவு நாளாச்சு, அத்தனைக்கும் நடுவுல எனக்கு அதுதான் தோணுச்சு, இந்தப் பய சரியா சாப்புடறது இல்லன்னு. மறுபடியும் அந்தப் பெரியவர் குரல் வந்துட்டா என்ன பண்றதுன்னு கலர் சரி பண்ற மாதிரி கிட்ட போய் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேன். "படம் நல்ல தெளிவு"ன்னார் கிராணி ஐயா.

அந்தப் பொண்ணு கோப்பி கொண்டுவந்துச்சு. என்னை "அங்கிள்"னுச்சு, வெரலப் பாத்துட்டு ஓடிப் போய் மருந்து எடுத்து வந்து தடவி விட்டுச்சு. நல்ல பொண்ணுடா, உனக்குக் கெடைச்சது பெரிய விசயம். நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "மாப்பிள்ளை அப்பாவப் பத்திப் பேசுவாராம்மா?"ன்னு கேட்டுட்டேன். அது சொல்லுச்சு, "பேசவே மாட்டார் அங்கிள். நான் கேட்டா கண் கலங்கிடும். ஒரு தடவ ரொம்ப அழுதுட்டார். அதுக்கப்புறம் நான் கேக்கறதே இல்ல." எதுக்குடா அழுதே? என்னைக் கொன்னுட்டோமேன்னா, இல்ல இவன் இன்னும் சாகாம சிம்பாங் அம்பாட்ல உக்காந்திருக்கானேன்னா? இத மட்டும் நீ எனக்கு என்னைக்காவது சொல்லணும். வேற எதையும் கேக்க மாட்டேன், இது ஒண்ணு எனக்குத் தெரியணும்.

கெளம்பும்போது அந்த அம்மா கல்யாணப் பத்திரிகை ஒண்ண எடுத்து, பேனாவத் தொறந்து, "நீங்களும் கட்டாயம் வரோணும். பேர் என்னண்டு எழுத?"ன்னாங்க. உன் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு. என் பேரச் சொல்லியிருந்தா எல்லாம் அந்த நிமிசமே முடிஞ்சிருக்கும், தெரியுமா உனக்கு? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொண்ணு பக்கத்துலயே மருந்து டப்பாவோட நிக்குது. "டிவிக்காரர்னு போடுங்கம்மா, போதும்"னேன். அவங்க சிரிச்சுக்கிட்டே அப்படியே எழுதினாங்க. அப்புறம் அவங்க சொன்னதுதான் என்னைக் கீழ தள்ளுச்சு. "ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா வீட்டில தாய் தகப்பனுக்குப் படையல். நாங்களும் போறம், அதுதானே முறை."

மோட்டார அங்கேருந்து எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு தெரியல. ரோட்டுச் சடக்கு ஓரத்துல செம்பனை மரங்களுக்கு நடுவுல நிறுத்திட்டுக் கத்தினேன். உன்னத் திட்டினேன், உங்க மாமாவத் திட்டினேன், உங்கம்மாவக்கூட, இவள யாரு இவ்வளவு சீக்கிரம் போகச் சொன்னான்னு. அவ போனப்புறம் உன்ன டவுன்ல மாமா வீட்டுல விட்டது நல்லதுக்குத்தான்னு இப்பவும் சொல்லுவேன், லயத்துல இருந்திருந்தா நீ இந்த அளவுக்குப் படிச்சிருக்க மாட்டே. ஆனா ஒரு நாள் ஞாபகம் வந்துச்சு. நீ இடைநிலைப்பள்ளியில இருந்தே, உன் கூட்டாளிங்க மாமா வீட்டு ஹால்ல உக்காந்திருந்தாங்க. நான் பலாப்பழத்தோட உள்ள வந்தேன். "யாருலா அது?"ன்னான் ஒருத்தன். "டிவிக்காரன்"னே நீ. நான் என்ன பண்ணேன்? பலாப்பழத்த அடுப்படியில வச்சுட்டு வந்து, நல்லா ஓடிக்கிட்டிருந்த டிவியோட பின்பக்கத்தக் கழட்டி, எதையோ பாக்கற மாதிரி பாத்துட்டு, மூடிட்டுப் போயிட்டேன். புள்ளை மானம் போகக்கூடாதுன்னு. போற வழியில சிரிச்சுக்கிட்டேகூடப் போனேன், பய என்ன சமாளிப்பா சமாளிக்கிறான்னு. அன்னிக்கே ஒரு அறை விட்டிருந்தா? தெரியல. விட்டிருந்தாலும் நீ இப்படித்தான் வந்திருப்பியோ என்னமோ. எனக்கு எதுவும் விளங்க மாட்டேங்குது தம்பி. முன்னெல்லாம் எந்தப் பெட்டியத் தொறந்தாலும் எங்க கோளாறுன்னு எனக்குத் தெரியும்.

கல்யாணம் கட்டப்போறவனுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்லணும். சொல்றேன், கேட்டா கேளு. நீ சொன்ன பொய் அந்தக் கிராணி ஐயா சுத்தின வெள்ளித்தாளுதான். இப்ப எல்லாம் நல்லா ஓடும். மாலை மாத்துவீங்க, வீடு வாங்குவீங்க, புள்ளை பொறக்கும். அந்தப் புள்ளைய முதல் வருசம் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது தாத்தா யாருன்னு கேக்கும். நீ அதுக்கும் ஒரு எஞ்சினியரக் காட்டணும். ஒரு பொய்யக் காப்பாத்த இன்னொண்ணு, அதக் காப்பாத்த இன்னொண்ணு, ஒரு நாள் பொகை வரும். அப்ப அந்தப் பொண்ணு உள்ள இருக்கும்டா, எனக்கு அதுதான் பயம். எனக்கு மருந்து தடவி விட்ட பொண்ணு. என்னைப் பத்தி இல்ல. நான் போயிட்டேன், என்னை விடு. அவகிட்ட நீயே சொல்லிடு, இப்பவே, கல்யாணத்துக்கு முன்னாடியே. கிராணி ஐயா கோவிச்சுக்குவார், மாமா தலையில அடிச்சுக்குவார். அந்தப் பொண்ணு உன்ன விட்டுப் போகும்னு எனக்குத் தோணல. ஆனா என் தோணலுக்கு இப்ப மதிப்பு ஏது.

கல்யாணத்துக்கு நான் வரல. டிவிக்காரர்னு அழைப்பு இருக்கு, வந்தா கடைசி வரிசையில ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. நெனச்சுப் பாத்தேன், சட்டைகூட எடுத்து அயன் பண்ணி வச்சேன். தாலி கட்டினப்புறம் நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க காலுல விழுந்து எந்திரிப்பீங்க. மாமா காலுல நீ விழறத நான் ஒரு ஓரத்துல நின்னு பாக்கணும். அந்த நேரத்துல என் கால் சும்மா இருக்குமா? ரெண்டு எட்டு முன்னால வந்துடும். அதுக்குத்தான் வரல. இந்தக் கடுதாசி உனக்குப் புதன்கிழமை கெடைக்கும்னு நெனைக்கிறேன். வியாழக்கிழமை கடை சாத்தற வரைக்கும் நான் எங்கயும் வேலைக்குப் போகல, மேசையிலதான் இருப்பேன். தாவ்கே கடை நம்பர் மாறல. அவன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், போன் வந்தா என்னைக் கூப்பிடுன்னு. நீ பண்ண மாட்டேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்காந்திருப்பேன், வேற என்ன செய்யச் சொல்றே.

நீ பண்ணலேன்னா வெள்ளிக்கிழமை மாமா வீட்டுல போட்டோவ எறக்குவாங்க. நானும் உங்கம்மாவும் சேந்து நிக்கிற போட்டோ அந்த ஒண்ணுதான் இருக்கு, அதத்தான் எடுப்பாங்க; கல்யாணமான புதுசுல எடுத்தது, கிராணி ஐயாவுக்கு அந்த மூஞ்சி அடையாளம் தெரியாது. அவளுக்குப் பொட்டு வை. மாலை போடு. என் மூஞ்சிக்கிட்ட வரும்போது உன் கைய எடுத்துடு, தம்பி. உயிரோட இருக்கறவன் படத்துக்குப் பொட்டு வைக்கிறத நம்ம சனங்க எங்கயும் செஞ்சதில்ல. எல்லாரும் பாக்கறாங்கன்னா கை தவறின மாதிரி விட்டுடு, நீதான் சமாளிப்பியே. உங்கம்மா அங்க வந்து உக்காந்து பாப்பா. அவளுக்குத் தெரியும், பக்கத்து எலைக்கு ஆள் வரலேன்னு.

எலையில அப்பாவுக்குப் பிடிச்சது என்ன வைக்கணும்னு அத்தை உன்னக் கேப்பாங்க. உனக்குத் தெரியாது. அதனால சொல்லிடறேன். மாமா பீர் போத்தல் வைக்கச் சொல்வார், வேண்டாம், உங்கம்மா போனதோட நான் அத விட்டாச்சு. செர்காம் கடற்கரையில நாம மூணு பேரும் ஒரே மோட்டார்ல போய், வாழையெலையில சுட்ட மீனத் தின்னோமே, நீ வாயெல்லாம் சம்பல் பூசிக்கிட்டு உறைக்குது உறைக்குதுன்னு அழுதுக்கிட்டே இன்னும் கேட்டியே, அந்த மாதிரி சுட்ட மீன் வை. நெத்திலி சம்பல் வை. பால் ஊத்தாத கோப்பி ஓ ஒரு டம்ளர், சீனி கொஞ்சமா. அப்புறம் ஒரு பிடி எடுத்துக்கிட்டு வெளிய போய் காக்காயக் கூப்பிடுவீங்க. வராட்டி மாமா திரும்பத் திரும்பக் கத்துவார், அப்பாவுக்கு என்ன கோபமோன்னு அத்தை கையப் பிசைவாங்க, கிராணி ஐயாவும் அந்த அம்மாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க. நீ மட்டும் பயப்படாதே. எனக்குக் கோபமெல்லாம் இல்ல. அந்த நேரத்துல நான் சிம்பாங் அம்பாட்ல அஞ்சடியில உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருப்பேன்.